மேகத்துக்கு வெட்டிய மூடி

தாண்டிக்குடிப் பக்கம் சூசைமாணிக்கம் என்றால் ஜீப்காரர். ஜீப்பை விற்று ஐந்து வருஷம் ஆகிவிட்டது, ஊர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறது. தாண்டிக்குடிக்கும் வேங்கைமடைக்கும் இடையே இருபத்தேழு வருஷம் ஓட்டியவர். காபி மூட்டை, மிளகு மூட்டை, பிரசவத்துக்குப் போகும் பெண், திருவிழாவுக்கு வரும் மேளக்காரர், எல்லோரும் எல்லாமும் அவர் வண்டியில்தான். ஒரு தடவைகூடப் பள்ளத்தில் விட்டதில்லை. இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சாலையில் மேகம் இறங்கினால் முன்னால் போகும் மாட்டின் வால்கூடத் தெரியாது. மற்ற டிரைவர்கள் ஹெட்லைட்டை முழுசாகப் போடுவார்கள். அந்த வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி அவர்கள் முகத்திலேயே அடிக்கும். கண் கூசி வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பீடியைப் பற்றவைப்பார்கள். சூசைமாணிக்கம் மட்டும் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ரப்பர் மூடிகளை எடுப்பார். பழைய லாரி டியூபை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அவரே செய்தவை. ஹெட்லைட் மேல் மாட்டிவிட்டால் வெளிச்சம் ஒல்லியாகப் போய்ச் சாலையோரத்துக் கல்லை மட்டும் காட்டும். மேகம் லேசாக இருந்தால் பெரிய ஓட்டை, கனமாக இருந்தால் சின்ன ஓட்டை. கல் கல்லாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடுவார். அதில் அவருக்கு இருந்த கர்வத்துக்கு அளவே கிடையாது.

பிறகு கண்ணில் நீர் அழுத்தம் வந்தது. கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மூக்குக்கண்ணாடி போட்டாலும் கலங்கிப்போகும். லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று வத்தலக்குண்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று வருஷம் சும்மா கிடந்தார். வேலை இல்லாத ஆம்பளைக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்குமோ அதுதான் அவருக்கும் இருந்தது. யாராவது ஒரு சோலி கொடுத்தால் மண்டி போட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த நேரத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது.

வேங்கைமடைக்குச் சாலை வழியே போனால் பத்தொன்பது கிலோமீட்டர். ஆனால் தாண்டிக்குடிக்கு மேலே உள்ள காபி எஸ்டேட்டின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால், நடுவில் ஒரு பள்ளம்தான், எதிரே ஊர். அந்த ஊருக்கு செல்போன் டவர் எட்டாது. காட்டுக்குள் குழி தோண்டிக் கேபிள் போட அனுமதியும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு சின்ன கம்பெனி, ஒளி வழியாகவே இன்டர்நெட்டை அனுப்பிவிடலாம் என்று வந்தது. தொட்டி மேல் ஒரு பெட்டி, வேங்கைமடை சமுதாயக்கூடத்தின் மேல் ஒரு பெட்டி. இங்கேயிருந்து போகும் ஒளி அங்கே உள்ள கண்ணாடியில் விழ வேண்டும், அங்கேயிருந்து வருவது இங்கே விழ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளி. பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு உண்டு, ஒளி சரியாகப் போய்வந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கண்ணாடியைத் துடைப்பது, சிலந்திவலையைத் தட்டிவிடுவது, குறுக்கே வளரும் கிளையைக் கழிப்பது, விளக்கைப் பார்ப்பது, இவ்வளவுதான் சூசைமாணிக்கத்தின் வேலை.

பெட்டியைப் பொருத்த வந்தவள் ஷர்மிளா என்ற என்ஜினீயர். திண்டுக்கல்காரப் பெண். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், இவளோ எல்லாவற்றையும் விளக்காமல் விடமாட்டாள்.

“உள்ள ஒளி முடி மாதிரி ஒல்லியாத்தான் பெறக்குதுண்ணே. ரெண்டு லென்ஸ் வச்சு அத சாசர் அகலத்துக்கு விரிச்சு, நேராக்கி அனுப்புறோம்.”

“ஏம்மா, அம்புட்டுத் தூரம் போகணும்னா ஒல்லியால்ல அனுப்பணும்?”

“அதான் தலைகீழுங்குறேன். ஒல்லியா கெளம்புனா போகப் போக விரிஞ்சுரும். அகலமா கெளம்புனாத்தான் கடைசி வரைக்கும் விரியாமப் போகும். நம்புறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். வாங்க, காட்டுறேன்.”

பொழுது சாயும் நேரத்தில் எஸ்டேட் காபிக் களத்தின் ஓரத்தில் அவரை நிறுத்தி, எதிர்க்கோடியில் இருந்த கிட்டங்கிச் சுவரில் சிவப்பு லேசர் அடித்துக் காட்டினாள். முதலில் வெறும் லேசர். பிறகு அதன் முன்னால் இரண்டு லென்ஸை வைத்து அடித்தாள். “மொதல்ல தட்டு அகலத்துக்கு விரிஞ்சு கெடந்துச்சுல்ல? இப்பப் பாருங்க, எலுமிச்சம்பழம் அளவுதான். தெரியுதா?”

சூசைமாணிக்கத்துக்குத் தட்டும் தெரியவில்லை, எலுமிச்சம்பழமும் தெரியவில்லை. சுவரே பாதிதான் தெரிந்தது. இரண்டு நிமிஷம் நடந்து போய்க் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கலாம். ‘கண்ணு சரியில்லம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண் சரியில்லாதவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டுவிட்டால்? மறுபடி சும்மா கிடக்க அவரால் முடியாது.

“தெரியுதும்மா, நல்லாத் தெரியுது” என்றார்.

போகும்போது அவள் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். கண்ணாடி மேல் எதையும் வைக்கக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது. அவரும் தலையாட்டினார். உள்ளுக்குள், இருபத்தேழு வருஷம் மேகத்தில் வெளிச்சம் ஓட்டியவனுக்கு இந்தப் பிள்ளை பாடம் நடத்துகிறதே என்று சிரித்துக்கொண்டார்.

வேங்கைமடையில் அந்த ஒளிக்காக உயிரை வைத்துக் காத்திருந்தவர் கித்தேரியம்மாள். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினேழு வயதில், கல்யாணமான கையோடு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அப்பா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். அம்மாவும் பெரியக்கா செபஸ்தியம்மாளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஐம்பது வருஷம் ஆகியும் வீட்டை ‘லயம்’ என்பார், பேசுவதை ‘கதைக்கிறது’ என்பார். ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அதற்கு முன்னால் சூசைமாணிக்கத்தின் ஜீப்பில் முன் சீட்டு அவருடையது.

வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லறைத் திருநாளுக்கு முன்னால், கித்தேரியம்மாள் சூசைமாணிக்கத்திடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்புவார். திருநாள் பூசையில் வாசிக்க வேண்டிய செத்தவர்களின் பெயர்கள். அதைப் பங்குக்கோயிலில் சேர்ப்பது அவர் பொறுப்பு. அப்பா பெயர், அம்மா பெயர், புருஷன் பெயர், மாமனார், மாமியார். கடைசி வரியில் ‘ஒரு தம்பி’ என்று மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. சூசைமாணிக்கம் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார், கேட்டதில்லை. பங்குச் சாமியாரும் அப்படியே வாசித்துவிடுவார்.

ஆடி முடியும்போது ஒளி வந்தது. வேங்கைமடை அங்கன்வாடி டீச்சர் ஆக்ஸிலியா, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் தன் போனைக் கொண்டுபோய்க் கித்தேரியம்மாள் முன்னால் வைப்பாள். பதினோரு மணிக்கு அக்கரையில் பெரியக்காவின் மகள் போனை எடுத்துத் தாயின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். முதல் ஞாயிறு இரண்டு பேரும் பேசவே இல்லையாம், ஒருவரை ஒருவர் பார்த்து அழுதே அரைமணி நேரம் போய்விட்டதாம். இரண்டாம் ஞாயிறுதான் ‘நீ ஏண்டி இப்படிக் கெழவியாப் போனே’ என்று பெரியக்கா ஆரம்பித்தாராம். லயத்துக் கதவைக் காட்டச் சொல்லி, தேயிலை மேட்டைக் காட்டச் சொல்லி, தங்கச்சி ஒவ்வொன்றாய்க் கேட்டார். இப்படி ஒன்பது ஞாயிறு. ஆக்ஸிலியா இதையெல்லாம் போனில் சொல்லச் சொல்ல, தொட்டி மேல் நின்ற சூசைமாணிக்கத்துக்கு நெஞ்சு நிறைந்து போகும். இரண்டு அக்கா தங்கச்சியையும் தானே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

ஐப்பசி பிறந்தது, மேகமும் வந்தது. ஒன்பதாவது ஞாயிறு மேகத்தில் படம் நின்று நின்று வந்தது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆக்ஸிலியா கூப்பிட்டாள்.

“அண்ணே, அக்கரையில பெரியக்காவுக்குத் திங்கக்கெழம வெள்ளனே ஆப்பரேசனாம். நெஞ்சுல. நாளைக்குக் கட்டாயம் பேசிரணும்னு கித்தேரி அக்கா ஒத்தக்கால்ல நிக்கிறாக. போன வாரம் மாதிரி நின்னு போயிரக் கூடாதுன்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக.”

“எங்கிட்டச் சொல்லிட்டீகள்ல, விடுங்க. நா பாத்துக்கிறேன்” என்றார் சூசைமாணிக்கம்.

அவருக்கு என்ன தெரியுமோ அதைத்தான் செய்தார். வீட்டுப் பரணில் கிடந்த டியூபை இறக்கி, பெட்டியின் கண்ணாடி அளவுக்கு வட்டமாக வெட்டினார். நடுவில் பத்து ரூபாய்க் காசை வைத்து வரைந்து ஓட்டை போட்டார். இன்னும் கனமான மேகம் வந்தால் இருக்கட்டும் என்று ஐம்பது பைசாக் காசு அளவில் இன்னொன்று. சாயங்காலம் நாலு மணிக்குத் தொட்டி மேல் ஏறி, பெரிய ஓட்டை மூடியைக் கண்ணாடி மேல் மாட்டி இறுக்கினார். வானம் தெளிவாக இருந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது. ஷர்மிளா சொன்னது அவருக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. மேகத்தைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கிவிட்டார். வேண்டுமென்று செய்த தப்பில்லை. அக்கறைப்பட்டுச் செய்த தப்பு. அதனால்தான் இன்றைக்கும் அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் காலையிலேயே தொட்டிக்கு வந்துவிட்டார். பத்தரை மணிக்கு மேகம் வந்தது. போன வாரத்தைவிட லேசான மேகம்தான், பள்ளத்து மரங்கள்கூட நிழல் நிழலாகத் தெரிந்தன. விளக்கு சிவப்பானது. துண்டால் துடைத்தார், சிவப்பு. பெட்டியைத் தட்டிப் பார்த்தார், சிவப்பு. மணி பதினொன்று. பெரிய ஓட்டை மூடியைக் கழற்றிய கையோடு சின்ன ஓட்டை மூடியை மாட்டினார். ஜீப்பில் அப்படித்தான் செய்வார், இருபத்தேழு வருஷம் அது அவரைக் கைவிட்டதில்லை. பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை. விளக்கு மாறவில்லை. ஒரு மணிக்கு அவர் மேகத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். அன்று பொழுதுக்கும் மேகம் கலையவே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். அதே மேகம், அதே கனம். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே ஈரம் கோத்திருக்கிறதோ என்று மூடியைக் கழற்றினார். துடைப்பதற்குத் துண்டை எடுக்கக் குனிந்தவர் விளக்கைப் பார்த்தார். பச்சை. மூடியை மறுபடி கண்ணாடி மேல் வைத்தார், சிவப்பு. எடுத்தார், பச்சை. மூன்று தடவை வைத்து எடுத்துப் பார்த்தார். அந்தப் பெண் சொன்னது சத்தியம். ஓட்டையைச் சின்னதாக்கியதால் ஒளியில் முக்கால்வாசிக்கு மேல் ரப்பரிலேயே முட்டி நின்றுவிட்டது. தப்பிப் போன கொஞ்சமும் ஒல்லியாகக் கிளம்பிப் பள்ளம் முழுக்க விரிந்து வீணாகிவிட்டது. மூடி இல்லாமல் விட்டிருந்தால் அந்த மேகத்தைத் தாண்டி அது ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அப்போது போன் அடித்தது. ஆக்ஸிலியா.

“அண்ணே, இப்பத்தான் லைன் வந்துச்சு. வந்ததும் மொதல்ல வந்தது இந்தச் சேதிதாண்ணே. காலையில ஆப்பரேசன்லயே பெரியக்கா போயிட்டாகளாம்.” அவள் குரல் உடைந்தது. “நேத்து பதினோரு மணியிலருந்து ஒரு மணி வரைக்கும் அவுக ஏழு தடவ கூப்பிட்டது இப்பத்தான் காட்டுது. அத நா கித்தேரி அக்காகிட்டச் சொல்லல. நீங்களும் சொல்லிராதீக.”

மூடி இரண்டையும் காபிச் செடிக்குள் வீசி எறிந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை ஷர்மிளா வந்தாள். சனிக்கிழமை நாலு மணியிலிருந்து திங்கட்கிழமை நாலு மணி வரை ஒளி பலம் குறைந்து கிடந்ததைக் கம்ப்யூட்டர் காட்டியிருக்கிறது. “என்னண்ணே ஆச்சு?” என்று கேட்டாள்.

“மேகம்மா.”

“சனிக்கெழம மேகமே இல்லையேண்ணே.” அவள் கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். விளிம்பு முழுக்கக் கறுப்பாக ஒரு வட்டத் தடம். ரப்பர்த் தடம். கைக்குட்டையை எடுத்து அவளே அதைத் துடைத்தாள். அப்புறம், திட்டாமல், மெதுவாகக் கேட்டாள். “அன்னைக்குச் சுவத்துல காட்டுனேனே, பாத்தீங்கல்ல?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பாத்தேம்மா” என்றார்.

அவள் ரிப்போர்ட்டில் மேகம் என்றே எழுதிவிட்டுப் போனாள். அந்த இரக்கம் திட்டியதைவிட மோசமாக அவரைச் சுட்டது.

அந்த வருஷம் சீட்டு வாங்க அவர் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். மார்கழியில் கித்தேரியம்மாளிடமிருந்து ஒரு பை மிளகு வந்தது. ‘எங்கக்காவ ஒம்பது ஞாயித்துக்கெழம கண்ணுல காட்டுன தம்பிக்கு’ என்று ஆக்ஸிலியா சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வருஷமும் வந்தது. அந்த மிளகை வீட்டில் ரசத்துக்குப் போட்டால் அவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். காரணம் தெரியாத பெண்டாட்டி, இந்த மனுஷனுக்கு வாய்க்கு ருசி செத்துப்போச்சு என்று அலுத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம், இந்த ஐப்பசியில், ஆக்ஸிலியா ஆள் அனுப்பினாள். கித்தேரியம்மாளுக்கு உடம்பு முடியவில்லை, சீட்டை ஜீப்காரத் தம்பி கையில்தான் கொடுப்பேன் என்கிறார், வந்து போகச் சொல்லுங்கள் என்று. யாருடைய ஜீப்பிலோ பின் சீட்டில் உட்கார்ந்து போனார்.

கித்தேரியம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் விரிந்தது. “வா தம்பி. ரெண்டு வருசமா எட்டியே பாக்கல. ஒனக்கும் சேத்துத்தான் இந்த வாட்டி ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கேன். நல்லாருக்கணும் நீ. அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம தப்பிப் போச்சு, அதுக்கு நீ என்ன செய்வே? மேகத்த யாரு தடுக்க?”

“மேகம் இல்லக்கா” என்றார் சூசைமாணிக்கம்.

பிறகு நிறுத்தவே முடியவில்லை. டியூப் ரப்பர், பத்து ரூபாய் ஓட்டை, ஐம்பது பைசா ஓட்டை, விளக்கு, தன் கண், சுவரில் தெரியாததைத் தெரிகிறது என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். பெரியக்கா ஏழு தடவை கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஆக்ஸிலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கித்தேரியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

“மூடாம விட்டிருந்தா அன்னைக்கு லைன் கெடைச்சிருக்குமா?”

“கெடைச்சிருக்கும்க்கா.”

“எங்கம்மா கப்பலடியில வச்சு எங்க ரெண்டு பேருகிட்டயும் கையடிச்சு வாங்கிச்சு. செத்துப்போன தம்பி பேரச் சொல்லி வருசா வருசம் பூசை வைக்கணும்னு. மூணு மாசத்துக் கொழந்த தம்பி அது. ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு, எந்தக் கோயில் புத்தகத்துலயும் இல்ல. நா அஞ்சு வயசுப் புள்ள. அக்காதான் இடுப்புல வச்சுத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “பேரு எனக்கு மறந்து போச்சு தம்பி. எப்ப மறந்துச்சுன்னே தெரியல. அக்காகிட்டக் கேக்க வெக்கம். கூடப் பொறந்தவன் பேர மறந்துட்டியாடின்னு கேட்டுருவாளேன்னு. ஒம்பது ஞாயித்துக்கெழமயும் லயத்துக் கதவக் காட்டு, தேயிலையக் காட்டுன்னு வேற கதையே கதைச்சுட்டேன். அன்னைக்கு, பத்தாவது ஞாயித்துக்கெழம, கேட்டே ஆகணும்னு உக்காந்திருந்தேன்.”

“அவுக மகளுக்கு…?”

“அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அக்காவோட போச்சு.”

சூசைமாணிக்கம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கித்தேரியம்மாள் அவர் தலையில் கை வைக்கவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை.

“ஒன்னக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ஒம்பது வாட்டி லைன் நல்லா இருந்தப்ப நாந்தான கேக்காம விட்டேன். ஆனாலும் நீ சொல்லாம இருந்திருக்கலாம் தம்பி. மேகத்து மேல பழியப் போட்டுட்டுப் போய்ச் சேந்திருப்பேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆக்ஸிலியா, எழுதும்மா. அண்ணனுக்கு ஜீப்பு போயிரப்போவுது” என்றார் கித்தேரியம்மாள். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த வருஷச் சீட்டில் மூன்றாவது வருஷமாகச் செபஸ்தியம்மாளின் பெயரும் இருந்தது. கடைசிப் பெயருக்கு வந்ததும் நிறுத்தினார். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது. ஏதோ நாக்கு நுனிவரை வந்த மாதிரி இருந்தது. ஆக்ஸிலியா பேனாவோடு காத்திருந்தாள். பிறகு அவர் தலையை ஆட்டிவிட்டு, “எப்பயும் போல எழுதிரு” என்றார்.

சூசைமாணிக்கம் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியிலேயே ஷர்மிளாவுக்குப் போன் போட்டு, தன் கண்ணைப் பற்றியும் மூடியைப் பற்றியும் சொல்லி, வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார். பங்குக்கோயிலில் சாமியார் இல்லை, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைதான் இருந்தார். சீட்டை விரித்துப் பார்த்துவிட்டு, “கடைசியில இருக்கறவரு பேரு விட்டுப்போயிருக்கே, கேட்டு எழுதிக்கிட்டு வாரீகளா?” என்று கேட்டார்.

“கேக்கறதுக்கு ஆள் இல்ல” என்றார் சூசைமாணிக்கம்.